தலைப்பு வரியும் ஓர் எண்ணும்

யூனிக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் கட்டளையின் பெயரோடு ஓர் எண்ணையும் சேர்த்தே எழுதுவோம். கிரான்டேப்(1) என்றால் கட்டளை. கிரான்டேப்(5) என்றால் அந்தக் கட்டளை கையாளும் கோப்பின் அமைப்பு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்த எண்ணைத்தான்.

இந்த வழக்கம் காகிதத்தில் பிறந்தது. அமெரிக்காவின் நியூஜெர்சியில், மரே ஹில் பகுதியில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய முதல் யூனிக்ஸ் கையேட்டின் தேதி 1971 நவம்பர் 3. கட்டளைகள், சிஸ்டம் கால்கள், கோப்பு அமைப்புகள் என்று அதில் ஏழு பகுதிகள். பக்கத்தின் மேல் மூலையில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேபிடல்) பெயர். அருகே அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணில் பகுதி. அதை அச்சிட்ட டெலிடைப் இயந்திரத்தில் எழுத்தின் அளவைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. ஒரு சொல்லைத் தனித்துக் காட்டப் பெரிய எழுத்தும் அடிக்கோடும் பயன்பட்டன.

1979இல் வந்த ஏழாம் பதிப்புக்காக டக் மெக்கில்ராய், கையேட்டுப் பக்கங்களை வடிவமைக்கும் ‘மேன்’ மேக்ரோக்களை (சுருக்கக் கட்டளைகளை) எழுதினார். அவற்றில் முதலாவது ‘டி.எச்’. பெயரையும் பகுதி எண்ணையும் கொடுத்தால் இரு மேல் மூலைகளிலும் அது அச்சிட்டுவிடும். ரோமன் எண்கள் போய் 1, 2, 3 வந்தன. ஒவ்வொரு கட்டளைக்கும் பக்க எண் ஒன்றிலிருந்தே தொடங்கியதால், தடித்த கையேட்டைப் புரட்டுபவருக்கு அந்த மூலைதான் முகவரி. பின்னர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சிந்தியா லிவிங்ஸ்டன் ‘எம்டாக்’ என்ற புதிய மேக்ரோத் தொகுப்பை உருவாக்கியபோதும் பெரிய எழுத்துத் தலைப்பு அப்படியே தொடர்ந்தது.

கையேடு திரைக்கு வந்த பிறகு அதே பெரிய எழுத்து இடைஞ்சலாயிற்று. தமிழில் இல்லாத பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு யூனிக்ஸில் பெயரையே மாற்றிவிடும். சின்ன எழுத்தில் ‘ஹெட்’ என்றால் கோப்பின் முதல் சில வரிகளைக் காட்டும். அதையே முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால், பெர்ல் மொழியின் வலைக் கருவி இருக்கும் கணினியில், அது இணையச் சர்வரிடம் தகவல் கேட்கும். இரண்டையும் பெரிய எழுத்துத் தலைப்பில் போட்டால் எது எதுவென்று தெரியாது.

அண்மை ஆண்டுகளில் லினக்ஸ் கையேட்டுத் திட்டம் தலைப்புகளை உண்மைப் பெயரின் எழுத்திலேயே எழுதத் தொடங்கியது. கையேட்டுப் பக்கங்களை வடிவமைத்துக் காட்டும் நிரலான குரோஃபின் 2023இல் வந்த 1.23 பதிப்பு, தலைப்பைப் பெரிய எழுத்தில் பார்க்க விரும்புபவர் அப்படிப் பார்க்கலாம் என்று அந்த முடிவை வாசகரிடம் விட்டது. இதுவே சரியான முறை. பெரிய எழுத்தாக மாற்ற நிரல் போதும். ஒருமுறை மாற்றி எழுதிவிட்டால் மூலப் பெயரை எந்த நிரலாலும் மீட்க முடியாது.

நான் எழுதும் கையேட்டுப் பக்கங்களில் தலைப்பு, விசைப்பலகையில் அடிக்க வேண்டிய பெயராகவே இருக்கும். நள்ளிரவில் சர்வர் நின்றுபோய், பதற்றத்தோடு பக்கத்தைத் திறப்பவர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். அதில் உள்ளதை அப்படியே அடித்தால் வேலை நடக்க வேண்டும்.