ஒலிநாடாவிற் பிறந்த பாடலும் அதன் ஒளிவடிவமும்

பொப் இசையின் வரலாற்றை எழுதுவோர் அதனைப் பாடகர்தம் வரலாறாகவே பெரும்பாலும் எழுதி வந்துள்ளனர். ஆயின், ஒரு பாடல் எத்தகைய கருவிகளின் துணையுடன் ஆக்கப்பட்டது, எவ்வழியாக மக்களைச் சென்றடைந்தது என்னும் வினாக்களும் வரலாற்று மாணவனின் கவனத்திற்குரியனவே. 1975 ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் 'குவீன்' குழு வெளியிட்ட 'பொஹீமியன் றப்சொடி' என்னும் பாடல் இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்றதோர் உதாரணமாகும்.

நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையையே பதிய முடிந்தது. கருவி விதித்த இவ்வெல்லை, நீண்ட நேரம் ஒலிக்கும் தட்டுகள் வந்த பின்னரும் வானொலியின் வழக்கமாக நிலைத்துவிட்டது. 'பொஹீமியன் றப்சொடி'யோ 5 நிமிடம் 55 செக்கன் நீளமுடையது. மீண்டும் மீண்டும் வரும் பல்லவியும் அதற்கில்லை. மென்மையான பாடற்பகுதி, மேனாட்டு இசைநாடகமாகிய ஒபெராவின் சாயலுடைய பகுதி, வன்மையான றொக் பகுதி என அது மாறி மாறிச் செல்கின்றது.

இதனை இயற்றிய பிறெடி மேர்க்கியூரி, 1946 இல் சன்சிபாரில் பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்து, இந்தியாவிற் பள்ளிக்கல்வி பெற்றவர். ஒலிப்பதிவு 1975 ஓகஸ்ட் மாதத்தில் வேல்ஸிலுள்ள றொக்பீல்ட் கூடத்தில் ஆரம்பமாகி, வேறு கூடங்களிலும் தொடர்ந்தது. றோய் தோமஸ் பேக்கர் குழுவினருடன் இணைந்து அதனைத் தயாரித்தார். ஒபெராப் பகுதிக்கு மாத்திரம் ஏறத்தாழ மூன்று வாரங்கள் சென்றன. பெரியதொரு பாடகர் கூட்டம் போல ஒலிப்பவை மேர்க்கியூரி, பிறையன் மே, றொஜர் ரெயிலர் ஆகிய மூவரின் குரல்களே. 24 தடங்கள் கொண்ட நாடாவில் அக்குரல்கள் பதியப்பட்டு, ஒன்றாக்கப்பட்டு, அதனால் விடுபட்ட தடங்களில் மேலும் குரல்கள் சேர்க்கப்பட்டன. அளவுக்கு மீறி ஓடியமையால் நாடாவின் பூச்சே தேய்ந்து போயிற்று என்பர்.

இதன் விளைவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பாடியவர்களாலேயே மேடையில் முழுமையாகப் பாட முடியாத பாடலொன்று தோன்றிவிட்டது. பிற்காலக் கச்சேரிகளில் ஒபெராப் பகுதி வந்ததும் குழுவினர் மேடையை விட்டு நீங்க, நாடாவே ஒலித்தது.

பாடலின் நீளங்கருதி அதனைத் தனித்தட்டாக வெளியிட ஈ.எம்.ஐ. நிறுவனத்தார் தயங்கினர். ஆயினும், இலண்டன் கப்பிற்றல் வானொலியில் கெனி எவறெற் அதனைப் பலமுறை ஒலிபரப்பியமை மக்களின் ஆவலைத் தூண்டியது. 1975 ஒக்டோபர் 31 இல் தட்டு வெளிவந்தது. பி.பி.சி.யின் 'ரொப் ஒவ் த பொப்ஸ்' நிகழ்ச்சியில் தோன்றுவதற்கோ இசைப்பயணம் தடையாயிருந்தது. தோன்றினும் வாயசைத்து நடிப்பதன்றி வேறு வழியில்லை. எனவே, நவம்பர் 10 இல் எல்ஸ்றீ படப்பிடிப்புக் கூடத்தில், புறூஸ் கவர்ஸின் நெறியாள்கையில், ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் ஒளிப்பதிவு நிறைவேற்றப்பட்டது. இருளில் மேலிருந்து விழும் ஒளியில் நான்கு முகங்கள் தோன்றும் காட்சி, 1974 இல் வெளியான அவர்தம் இசைத்தட்டு உறையின் புகைப்படத்தைத் தழுவியது. ஒரே முகம் பலவாகப் பெருகும் காட்சி, சில குரல்கள் பலவாகப் பெருகியமைக்கு ஒத்த வடிவமாயிற்று. நவம்பர் 20 இல் அது ஒளிபரப்பாகியது. அம்மாத இறுதியில் முதலிடத்தை எய்திய பாடல் ஒன்பது வாரங்கள் அவ்விடத்திலிருந்தது.

இதனையே முதலாவது இசை ஒளிப்படம் எனச் சிலர் கூறுவர். இக்கூற்று ஏற்புடையதன்று. பீற்றில்ஸ் குழுவினர் 1966 இலேயே தம் பாடல்களுக்குப் படங்கள் தயாரித்திருந்தனர். 'பொஹீமியன் றப்சொடி'யின் முக்கியத்துவம் வேறிடத்தில் உள்ளது. மூல நிகழ்த்துகை எதுவுமே இல்லாத பாடலுக்கு ஒளிப்படமே நிகழ்த்துகையாயிற்று. தேவை பெற்றெடுத்த அவ்வுத்தி, 1981 இல் எம்.ரீ.வி. அலைவரிசை தொடங்கிய பின்னர் வணிகத்தின் நியதியாக மாறியது. பாடுவோன் குரலோடு தோற்றத்தையும் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியவனானான். மூன்று நிமிட எல்லையை மீறிய ஒரு பாடலே, தன்னை அறியாமல், கலைஞர்மேல் மற்றோர் எல்லையைச் சுமத்த வழிவகுத்தது என்பது வரலாற்றின் முரணாகும்.