அப்பாவின் புல்லட், என் புல்லட்: ஒரு ஆயில் டின்னின் வரலாறு

சிங்கவரம் குடைவரைக் கோயிலைப் பார்த்துக் குறிப்பெடுக்கணும் என்பது ரொம்ப நாள் ஆசை. செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர்தான். பல்லவர் காலத்துக் குடைவரை, உள்ளே மலைப்பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட ரங்கநாதர். ஒரு ஞாயிறு விடியற்காலை சென்னையிலிருந்து என் புல்லட்டில் கிளம்பினேன். திண்டிவனம் தாண்டியதும் வண்டி ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் எஞ்சின் சத்தம் ஏறுது, வேகம் ஏறலை. செஞ்சியைக் கடந்து சிங்கவரம் மலையடிவாரம் சேர்வதற்குள், நாலாவது கியரில் வண்டி இழுக்கவே மறுத்தது.

செஞ்சியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். அறுபது வயசு இருக்கும். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி:

“சார், இன்னா ஆயில் ஊத்துனீங்க?”

கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். காருக்கு வாங்கி வைத்திருந்த முழு சிந்தெடிக் ஆயில், 5டபிள்யூ-30. விலை அதிகம். முந்தின வாரம் நானே மாற்றினேன். “எங்கப்பா அவரோட புல்லட்டுக்கு எப்பவும் நல்ல கார் ஆயில்தான் ஊத்துவாரு” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “அது அப்பாவோட வண்டி சார். இது உங்க வண்டி.”

அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளத்தான் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் படித்தேன். சிங்கவரம் பற்றி எழுத வேண்டிய பதிவு இப்படி ஆயில் பதிவாக மாறியது அதனால்தான்.

விளக்கெண்ணெயில் ஆரம்பித்த கதை

எஞ்சின் ஆயில் என்றாலே பூமிக்கடியிலிருந்து வருவது என்று நினைக்கிறோம். நம் ஊர் மாட்டு வண்டி அச்சுக்குப் போட்ட மசகு எது? வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மை. உராயும் இடத்தில் ஆமணக்கு எண்ணெய் நன்றாக ஒட்டி நிற்கும் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே எண்ணெய்தான் ஆரம்பகால மோட்டார்களுக்கும் போனது. லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு 1899 இல் தொடங்கிய நிறுவனம், 1909 இல் ஆமணக்கு எண்ணெய் கலந்த மோட்டார் ஆயிலைக் கொண்டுவந்தது. ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் ‘காஸ்டர்’. அதிலிருந்து வந்த பெயர்தான் காஸ்ட்ரால். முதல் உலகப் போரில் பறந்த ரோட்டரி எஞ்சின் விமானங்களுக்கும் ஆமணக்கு எண்ணெய்தான். அந்த எஞ்சின்களில் பெட்ரோலும் ஆயிலும் ஒரே இடத்தில் சந்திக்கும். சாதாரண கனிம எண்ணெய் பெட்ரோலில் கரைந்து போய்விடும், விளக்கெண்ணெய் எளிதில் கரையாது. குறை என்னவென்றால், சூட்டில் பிசின் மாதிரி படியும். அதனால் அன்றாட வண்டிகளில் கனிம எண்ணெய் ஜெயித்தது.

ஆக, ‘நல்ல ஆயில்’ என்று பொதுவாக ஒன்று அப்போதே கிடையாது. எந்த எஞ்சின், ஆயில் அங்கே எதைச் சந்திக்குது என்பதுதான் கேள்வி.

டின்னில் இருக்கும் எண்

எண்ணெயை அதன் கெட்டித்தன்மையை வைத்து வகைப்படுத்தும் முறையை அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஈ 1911 இல் வெளியிட்டது. இன்றைக்கு 15டபிள்யூ-50 என்று பார்க்கிறோமே, அதன் மூலம் அதுதான். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முன்னால் உள்ள எண் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. செஞ்சி வெயிலில், காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சினுக்கு அந்தப் பின்னெண்தான் முக்கியம். நான் 50 வேண்டிய இடத்தில் 30 ஊற்றியிருந்தேன். முதல் தப்பு அது. ஆனால் கிளட்ச் வழுக்கியதற்கு முக்கியக் காரணம் அது இல்லை.

ஒரு வீடு, மூன்று அடுப்பு

அப்பாவின் வண்டி 1987 மாடல். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்து வந்த புல்லட்டை, 1955 இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் தயாரிக்க ஆரம்பித்தது. அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. அதில் எஞ்சினுக்குத் தனி ஆயில். கிளட்சும் பிரைமரி செயினும் இருக்கும் பெட்டிக்குத் தனி ஆயில். கியர் பாக்ஸுக்குத் தனியாக கிரீஸ். ஒரே கூரைக்குக் கீழே மூன்று அடுப்பு மாதிரி. எஞ்சினில் கார் ஆயில் ஊற்றினாலும் அது கிளட்ச் பக்கம் போகாது. அப்பா சொன்னது அவர் வண்டிக்குச் சரிதான்.

ஜப்பானிய வண்டிகளில் கதை வேறு. ஒரே ஆயில் எஞ்சினையும் பார்த்துக்கொள்ளும், கிளட்சையும் கியரையும் பார்த்துக்கொள்ளும். 1985 இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 மூலம் இந்த ஏற்பாடு நம் ஊர்த் தெருக்களில் பரவலானது. புல்லட் அந்தப் பாதைக்கு வந்தது 2008-09 வாக்கில்தான், எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூடாக அமைந்த யுசிஈ எஞ்சினோடு. பெட்ரோல் டேங்க்கும் பெயரும் பழைய மாதிரியே. உள்ளே மூன்று அடுப்பும் ஒன்றாகிவிட்டது. என் வண்டி இந்த வகை.

1973 ஐத் தொட்டு வந்த வழுக்கல்

கிளட்ச் வேலை செய்வதே உராய்வால்தான். தட்டுகளை ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும், அந்தப் பிடிப்பில்தான் எஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போகும். பைக்கில் இந்தத் தட்டுகள் ஆயிலில் மூழ்கிக் கிடக்கின்றன. அதே ஆயில் பிஸ்டனுக்கு உராய்வைக் குறைக்கணும், கிளட்சுக்கு உராய்வை விட்டுவைக்கணும். சிக்கலே இங்கேதான்.

1973 இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியதும் உலகம் ஆடிப்போனது. 1975 இல் அமெரிக்கா கார்களுக்கு எரிபொருள் சிக்கனச் சட்டம் கொண்டுவந்தது. கார் கம்பெனிகள் ஒவ்வொரு சொட்டையும் மிச்சப்படுத்தப் பார்த்தன. அதற்கு ஒரு வழி, ஆயிலில் உராய்வைக் குறைக்கும் ரசாயனங்களைச் சேர்ப்பது. மாலிப்டினம் சேர்மங்கள் அதில் பிரபலம். காருக்கு இது லாபம், ஏனென்றால் கார் கிளட்ச் எஞ்சின் ஆயிலில் நனைவதில்லை. அதே ஆயிலை ஊற்றிய பைக்குகளில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது.

பைக் தயாரிப்பாளர்களின் நாடான ஜப்பான் இதற்குத் தீர்வு கண்டது. 1998 இல் ஜாஸோ டி903 என்ற தரம் வந்தது. ஆயிலில் நனைந்த கிளட்ச் தட்டுகளைச் சோதனை இயந்திரத்தில் சுழற்றி, பிடிப்பு எவ்வளவு, நிற்க எவ்வளவு நேரம் என்று அளப்பார்கள். பிடிப்பு போதுமென்றால் எம்ஏ. குறைந்தால் எம்பி. பிற்பாடு எம்ஏ வகையை எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள், எம்ஏ2 இல் பிடிப்பு அதிகம். கியர் இல்லாத ஸ்கூட்டர்களின் கிளட்ச் ஆயிலில் நனையாது, அதனால் அவற்றுக்கு எம்பி போதும்.

கியர் விஷயம் ஒன்றும் உண்டு. ஆயில் சூட்டில் நீர்த்துப் போகாமலிருக்க நீளமான பாலிமர் மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். கியர் பற்கள் கத்தரி மாதிரி அவற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். நாளாக ஆக ஆயில் மெலியும். அதைத் தாங்குகிறதா என்பதையும் ஜாஸோ பார்க்கிறது.

அன்றைக்கு என்ன ஆனது

செஞ்சிக்கு வண்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் போய், ஆயிலை வடித்து, கிளட்ச் தட்டுகளைக் கழற்றி பெட்ரோலில் கழுவி, எம்ஏ2 போட்ட 15டபிள்யூ-50 ஊற்றிக் கொடுத்தார். சென்னை வரை வந்துவிட்டேன். தட்டுகள் கருகியிருந்ததால் அடுத்த மாதம் புதுசு போட வேண்டியதாயிற்று. ஆயிலில் மிச்சம் பிடிக்கப் பார்த்ததைவிடப் பல மடங்கு செலவு.

இதில் வெட்கம் என்னவென்றால், சரியான ஆயில் எது என்று வண்டியோடு கொடுத்த கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. சிங்கவரத்தில் ஒரு கதை சொல்வார்கள்: போருக்குப் போகாதே என்று ரங்கநாதர் சொல்லியும் ராஜா தேசிங்கு கேட்கவில்லை, அதனால்தான் சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று. 1714 இல் தேசிங்கு போரில் இறந்ததென்னவோ வரலாறு. சொல்லியும் கேட்காத வரிசையில் நானும் சேர்ந்துகொண்டேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

1. கையேட்டில் உள்ள எஸ்ஏஈ எண். பின்னெண்ணை நீங்களாகக் குறைக்காதீர்கள்.
2. கியர் வண்டி என்றால் டின்னில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கணும், கையேடு எதைச் சொல்கிறதோ அது. ஒரே ஒரு ‘பி’ எழுத்து மாறினால் கதை மாறும்.
3. ஏபிஐ வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் எரிபொருள் சிக்கனம், வள சிக்கனம் என்ற பொருளில் ஏதாவது அச்சிட்டிருந்தால், அதைக் காருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
4. மினரலா சிந்தெடிக்கா என்பது இதற்கெல்லாம் அப்புறம். விலை கடைசி.

அப்பாவின் வண்டி இன்னும் வீட்டில் நிற்கிறது. அதற்கு அவர் வழியே சரி. இப்போது ஷெல்ஃபில் இரண்டு டின், இரண்டிலும் பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சிங்கவரம் படியேறவே இல்லை. வண்டி தயாராகும்போது சாயங்காலம் ஆகிவிட்டது, கீழே நின்று மலையைப் பார்த்ததோடு சரி. குடைவரை பற்றிய பதிவு அடுத்த முறை.