மலையேறிய சக்கரமும் ஒரு பிடி மணலும்



மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கோச்சியின் ஓசையே கடிகாரம். நான் சிறுவனாய்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த நாளில், சாரல் விழும் இரவுகளில், மேட்டில் ஏறிவரும் வண்டியின் சீரான முழக்கம் திடீரெனக் குலைந்து உயர்வதைக் கேட்டிருக்கின்றேன். தண்டவாளப் பாதையிலே வேலை செய்த என் தாய்மாமன், “சில்லு வழுக்குது, இப்ப மணல் போடுவாங்க பாரு” என்பார். சற்று நேரத்தில் ஓசை மீண்டும் சீராகும். அந்த ஒரு பிடி மணலின் வரலாற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இழுப்பதற்கு வலிமை மட்டும் போதாது, பிடிப்பும் வேண்டும். சேற்றிலே நிற்பவன் எவ்வளவு பலசாலியாயினும், கால் ஊன்ற இடமின்றேல் அவனது பலம் பயன்படாது. புகையிரத எஞ்சினுக்கும் இதே நியதிதான். வழவழப்பான இரும்புச் சில்லு வழவழப்பான தண்டவாளத்தை எவ்வாறு பற்றும் என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுந்தது. அதனால் 1812இல் இங்கிலாந்தில் பிளெங்கின்சொப் என்பவர் பற்சக்கரமும் பல்வைத்த தண்டவாளமும் அமைத்தார். மறு ஆண்டே வில்லியம் ஹெட்லி, எஞ்சினின் எடை போதியதாயின் வழவழப்பான சில்லே பாரத்தை இழுக்கும் என்று செய்து காட்டினார்.

நம் நாட்டில் 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் வண்டி ஓடியது. 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் பாதை எட்டியது. இக்காலத்திலேதான் இலைநோயினால் கோப்பி அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. அதற்கு முன் தொழிலாளர் உண்ணும் அரிசி மாட்டு வண்டிகளிலேயே மலையேறியது. மழைக்காலத்தில் வண்டிப் பாதை சேறானால் அரிசி வந்து சேர்வது தாமதமாகும். ஆகவே, மலைச்சரிவிலே சில்லு வழுக்குவதும் வழுக்காதிருப்பதும் எஞ்சினியரின் கவலை மட்டுமன்று. லயத்து அடுப்பின் கவலையுமாகும்.

இப்பாதை பட்டிப்பொலையில் 1,898 மீற்றர் உயரத்தை அடைகின்றது. செங்குத்தான இடங்களில் 44 அடி தூரத்துக்கு 1 அடி உயரம் ஏறவேண்டும். எஞ்சினோடு சேர்த்து 200 டொன் எடையுள்ள வண்டி ஒன்றைக் கருதுவோம். இந்த ஏற்றத்தில் அதனைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய நாலரை டொன். எஞ்சினின் இயங்கு சில்லுகள் மீது 40 டொன் எடை அமைந்திருப்பின், உலர்ந்த தண்டவாளத்தில் அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 10 டொன் வரை, பிடிப்பாகக் கிடைக்கும். வண்டி எளிதாக ஏறும். தண்டவாளம் வழுக்கலாகிப் பிடிப்பு பத்தில் ஒரு பங்காகக் குறையுமாயின், கிடைப்பது 4 டொன் மட்டுமே. எஞ்சினில் எவ்வளவு நீராவி இருந்தாலும் சில்லு நின்ற இடத்திலேயே சுழலும்.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பெருமழையினும் மெல்லிய சாரலே கொடியது. பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். சாரலும் பனிமூட்டமுமோ துரு, எண்ணெய், உதிர்ந்த இலை ஆகியவற்றோடு கலந்து வழுக்கும் படலமாகிவிடும். வெயில் எட்டாத சுரங்கங்களிலும் ஈரம் எளிதில் உலராது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே, சுமார் 560 மீற்றர் நீளமான சிங்கமலைச் சுரங்கம் இருப்பதை நேயர்கள் அறிவீர்கள்.

இதற்குக் கண்ட பரிகாரங்கள் பல. முதலாவது மணல். உலர்த்திச் சலித்த மணலைப் பெட்டியில் நிரப்பி, குழாய் வழியாகச் சில்லின் முன்னே தூவுவர். மணல் நனைந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆகவே அதை உலர்த்தும் தொழிலாளியின் கவனத்திலே வண்டியின் பயணம் தங்கியிருந்தது. இரண்டாவது, பின்னாலிருந்து தள்ளும் துணை எஞ்சின். மூன்றாவது, 1927இல் இங்கு வந்த கரட் எஞ்சின். இரண்டு தொகுதிகளாக அமைந்த அதன் பன்னிரண்டு இயங்கு சில்லுகள் எடையைப் பகிர்ந்து தாங்கின. கூரிய வளைவுகளிலும் அது இணங்கித் திரும்பியது. 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்தன. நீராவி எஞ்சினின் இழுவிசை சில்லின் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். மின்மோட்டாரின் விசையோ சீரானது. ஆதலால் வழுக்கல் குறைந்தது.

நீலகிரியில் 12 அடிக்கு 1 அடி ஏறவேண்டியிருந்தமையால் அங்கே பல்வைத்த தண்டவாளமே தேவைப்பட்டது. நம் மலைப்பாதை எடையையும் மணலையுமே நம்பி ஏறியது. மேனாடுகளில் நடக்கும் டிராக்டர் இழுவைப் போட்டிகளிலும் இதே நியதியைக் காணலாம். அங்கே எஞ்சினின் வலிமையோடு, இரும்புப் பாளங்களை எங்கே தொங்கவிடுவது, டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்பனவும் வெற்றியை நிர்ணயிக்கின்றன.

நேயர்களே, ஏறுவதற்கு வேண்டிய பிடிப்பே இறங்குவதற்கும் வேண்டும். பிரேக் பிடித்தாலும், சில்லு தண்டவாளத்தைப் பற்றினால்தான் வண்டி நிற்கும். 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், நம் உறவினர் பலர் தலைமன்னாரை நோக்கி இதே பாதையில் இறங்கிச் சென்றனர். அவ்வண்டியை நம் மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்தார்கள். என் மாமாவின் குடும்பமும் அதிலேதான் சென்றது. அன்றும் சாரல் விழுந்தது. வண்டி வளைவில் மறையும் வரை, சில்லு வழுக்குகின்றதா என்று என் செவி கேட்டுக்கொண்டே நின்றது. அது வழுக்கவில்லை, பத்திரமாக இறங்கிச் சென்றது.

அரிசியை மேலேற்றிய சில்லுகளே அம்மக்களையும் கீழே கொண்டு சென்றன. பாதை அமைத்த எஞ்சினியர்களை வரலாறு நினைவில் வைத்திருக்கின்றது. மணலை உலர்த்தியவர்களையும், தண்டவாளத்தில் விழுந்த இலையை அகற்றியவர்களையும் நாமும் நினைவில் வைப்போம்.