இரண்டு ஏடுகள் ஒன்றானால்



ஜெராம், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களுக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கிராணியார் குறித்துக்கொண்ட பதிவேடு அது. இரண்டு டிவிஷன்களை ஒன்றாக்கினால் அவற்றின் செக்ரோல்களை எப்படிச் சேர்ப்பது? புதிய புத்தகத்தைத் திறந்து, இன்று இருப்பவர்களின் பெயரை மட்டும் எழுதிவிடலாம். அரை நாள் வேலைதான். ஆனால் இருபது ஆண்டு பால்மரம் சீவியவரும் நேற்றுச் சேர்ந்தவரும் அந்தப் புத்தகத்தில் ஒரே நாளில் வேலைக்கு வந்தவர்களாகிவிடுவார்கள்.

கணினி உலகத்திலும் இதே சிக்கல் எழுந்தது. கணினிக்கு எழுதப்படும் கட்டளைத் தொகுப்பை நிரல் என்கிறோம். ஒரு நிரலைப் பலர் திருத்துவர். யார், எப்போது, எதை மாற்றினார் என்று குறித்து வைக்காவிட்டால் பிழை எங்கே புகுந்தது என்று காண்பது கடினம். இதற்கான பதிவேட்டு முறை ஒன்றை 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கினார். 2005 ஏப்ரலில், பின்லாந்தில் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' என்னும் பதிவேட்டு முறையைத் தொடங்கினார். அதில் ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவின் அடையாள எண்ணைத் தாங்கி நிற்கும். பழைய வரி ஒன்றைத் திருத்தினால், அதற்குப் பிந்திய எண்கள் எல்லாம் மாறிப்போகும். கிராணியாரின் அழிரப்பருக்கு அங்கே வேலையில்லை!

அந்த வேளையில் பால் மெக்கரஸ் என்பவர், கிட் பதிவுகளைப் படமாகக் காட்டும் 'கிட்-கே' என்ற சிறு நிரலைத் தனி ஏட்டில் எழுதி வந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் டோர்வால்ட்ஸ் அதைத் தம் ஏட்டுடன் இணைத்தார். வெறுமனே நகலெடுத்து ஒட்டியிருந்தால், மெக்கரஸின் உழைப்பெல்லாம் இணைத்த நாளின் ஒற்றை வரியாகச் சுருங்கியிருக்கும். அவரோ, தாயும் தகப்பனும் உள்ள பிள்ளையைப் போல, இரண்டு ஏடுகளின் கடைசிப் பதிவுகளையும் முன்னோராகக் காட்டும் ஒரு புதிய பதிவை எழுதினார். அதிலிருந்து பின்னோக்கி நடந்தால் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று டோர்வால்ட்ஸின் முதல் நாளுக்கும், மற்றது மெக்கரஸின் முதல் நாளுக்கும் போய்ச் சேரும். தொடர்பில்லாத ஏடுகள் தவறுதலாகச் சேர்ந்துவிடக் கூடாதென்று, 2016 முதல் கிட் அத்தகைய இணைப்பை முதலில் மறுத்துவிடுகிறது. தெரிந்தே செய்கிறோம் என்று தனியாகச் சொன்னால்தான் இணைக்கும்.

தோட்டங்களும் இப்படி இணைகின்றன, கைமாறுகின்றன. 2007இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் ஒன்றாயின. முதலாளி மாறினால் தொழிலாளியின் பழைய ஆண்டுகள் என்னாகும்? மலேசியாவில் 1980ஆம் ஆண்டின் பணிநீக்க நன்மை விதிகள் இதற்குப் பதில் சொல்கின்றன. புதிய உரிமையாளர் ஏழு நாளுக்குள், முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலையைத் தொடர முன்வந்து, தொழிலாளியும் தொடர்ந்தால், பழைய வேலைக்காலம் அறுபடாமல் சேரும்.

இதில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஆட்குறைப்பில் வேலையிழப்பவருக்கு, ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உழைத்திருந்தால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள். அதற்கும் குறைந்தால் 10 நாள். பழைய முதலாளியிடம் 15 ஆண்டும் புதியவரிடம் 3 ஆண்டும் உழைத்தவருக்கு 18 ஆண்டுக் கணக்கில் 360 நாள் சம்பளம் வரும். ஏடு புதிய முதலாளியின் நாளிலிருந்து தொடங்கினால் 45 நாள்தான்.

பழைய செக்ரோல் கிடைக்காத இடத்தில், முதலாளியின் பெயர் அச்சிட்ட சம்பளச் சீட்டும், மாதவாரியாகச் சந்தா காட்டும் ஊழியர் சேமநிதி அறிக்கையும் அந்த முதல் தேதிக்குச் சாட்சி சொல்லும்.