உறுமிய வண்டியும் ஓசையற்ற வண்டியும்

அமெரிக்காவின் டாட்ஜ் கம்பெனி 2024ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'சார்ஜர் டேடோனா' என்னும் மோட்டார் வண்டியில் விந்தையான சாதனம் ஒன்று உண்டு. அவ்வண்டி மின்சாரத்தால் ஓடுவது. எரிய பெட்ரோலுமில்லை, வெளியேறப் புகையுமில்லை. ஆயினும் அதன் பின்புறத்தில் ஒலிபெருக்கிகளும் குழாய்களும் கொண்ட ஓர் அமைப்பைப் பொருத்தி, பழைய பெட்ரோல் வண்டியைப் போல் உறுமச் செய்திருக்கிறார்கள். 126 டெசிபல் அளவுக்கு அது முழங்கும் என்பது கம்பெனியாரின் கூற்று. ஓசையின்றி ஓட வல்ல வண்டிக்கு வலிய ஓசை ஊட்டுவானேன்? இதற்கு விடை காண வேண்டுமாயின் நாம் அறுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இவ்வகை வண்டிகளை அமெரிக்கர் 'மஸில் கார்' என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் சற்றுத் தொல்லை தருவது. 'தசை வண்டி' என்றால் கசாப்புக் கடை நினைவுக்கு வருகிறது. 'புஜபல வண்டி' எனலாம். பீமசேனன் ஏறிச் செல்வதற்கு ஏற்ற பெயர். நேயர்கள் பொறுத்தருள்வார்களாக, நாம் மஸில் கார் என்றே சொல்லிச் செல்கிறோம்.

அதன் இலக்கணம் எளிது. நடுத்தர அளவும் நடுத்தர விலையும் உள்ள வண்டியில், பெரிய வண்டிக்கென வார்த்த எஞ்சினைப் பொருத்திவிடுவது. இதற்கு முன்னோடிகள் சில உண்டெனினும், 1964ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. வண்டியையே பெரும்பாலோர் தொடக்கமாகக் கொள்வர். அது பிறந்த கதை சுவையானது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1963இல் பந்தயங்களினின்று விலகிக்கொண்டதோடு, நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்றும் விதித்திருந்தது. அதன் பான்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியன் என்பாரும் அவருடைய தோழர்களும் இவ்விதியைக் கூர்ந்து படித்தனர். புதிய மாடலுக்குத்தான் தடை. வாங்குவோர் விரும்பிக் கேட்கும் கூடுதல் சாமான்களுக்குத் தடையில்லை! 'டெம்பெஸ்ட்' என்னும் சாதுவான வண்டியில் 389 கன அங்குல எஞ்சினை, கூடுதல் சாமான் என்ற பெயரில் சேர்த்துவிட்டனர். பெயரையோ இத்தாலிய ஃபெராரியிடமிருந்து கூசாமல் எடுத்துக்கொண்டனர். 5,000 வண்டி விற்றால் போதும் என்று விற்பனைப் பகுதியார் தயங்கினர். முதல் ஆண்டிலேயே 32,450 விற்றன. சர்க்கார் அலுவலகத்தில் விதிகளோடு காலந்தள்ளும் நமக்கு, விதியின் இடுக்கில் ஓர் எஞ்சினையே நுழைத்த அவர்களுடைய சாமர்த்தியம் வியப்பூட்டுகிறது.

யாருக்காக அது? இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிறந்த குழந்தைகள் அப்போதுதான் பதினெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்தனர். ஏறத்தாழ 3,000 டாலருக்கு அந்த வண்டி கிடைத்தது. தொழிற்சாலையில் வேலைக்கமர்ந்த இளைஞன் தவணை முறையில் வாங்கக்கூடிய விலை அது. எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளேயிருக்கும் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டுவதும், பற்றவைப்பு நேரத்தைச் சீர் செய்வதும் வீட்டு வாசலிலேயே நடைபெற்றன. பிற கம்பெனிகளும் போட்டியில் இறங்கின. 1970இல் வந்த செவ்ரலே 'செவல்' வண்டியின் 454 கன அங்குல எஞ்சினுக்கு 450 குதிரைச் சக்தி என்று விளம்பரம் செய்தனர்.

அக்காலக் குதிரைகளை எண்ணுவதில் ஒரு சூது உண்டு. ஓசையடக்கி முதலிய பாரங்கள் யாதுமின்றி, எஞ்சினை மட்டும் மேடையில் நிறுத்தி அளந்த கணக்கு அது. 1972 முதல், வண்டியில் பொருத்திய நிலையை ஒட்டி அளக்கலானார்கள். உடனே குதிரைகளில் பல காணாமற் போயின. ஆகையால் பழைய எண்களைப் புதிய எண்களோடு அப்படியே ஒப்பிடுவது பிழை.

அம்மோகம் பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. விபத்துகளைக் கண்ட இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றின. 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்ப மறுத்தன. 1974ஆம் ஆண்டு மாடலோடு ஜி.டி.ஓ. மறைந்தது.

இனி மின்சார வண்டியை நோக்குவோம். இதைப் புதுமை என்று கருதுவோர் பலர், உண்மை வேறு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய முதல் மோட்டார் வண்டியே மின்சார வண்டிதான். பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்ஸி அதை 1899இல் பாரிஸ் நகருக்கருகே ஓட்டினார். பெட்ரோல் வண்டிகளின் பேரரசரான ஹென்றி ஃபோர்டின் மனைவியாரே 'டிட்ராய்ட் எலெக்ட்ரிக்' வண்டியில் சென்று வந்தவர். கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்ப வேண்டிய பெட்ரோல் எஞ்சின் பலருடைய மணிக்கட்டை முறித்த காலம் அது. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சாரக் கிளப்பியை 1912இல் காடிலாக் வண்டியில் பொருத்தியதும் அத்தொல்லை நீங்கியது. மின்சார வண்டியை வீழ்த்தியது ஒரு சிறு மின்சார மோட்டார் என்பதைச் சரித்திரத்தின் குறும்புகளுள் ஒன்றாகவே நாம் கொள்கிறோம்.

நூறாண்டு கழித்து அது பழி தீர்த்துக்கொண்டது. பெட்ரோல் எஞ்சின் சுழற்சி ஏற ஏறத்தான் தன் முழு விசையைக் காட்டும். அதற்கு உதவவே கியர்கள். மின் மோட்டாரோ அசையாதிருக்கும் நிலையிலிருந்தே முழு விசையையும் தருவது. 1970இன் செவல், கால் மைல் தூரத்தைக் கடக்கப் பதின்மூன்று, பதினான்கு விநாடிகள் எடுத்துக்கொண்டது. 2021இல் வந்த டெஸ்லா 'மாடல் எஸ் பிளெய்ட்', குடும்பத்தோடு செல்வதற்கான நான்கு கதவு வண்டி. அது பத்து விநாடிக்குள் கடந்துவிடுகிறது. வேகத்தைப் பற்றிய வழக்கு இத்துடன் தீர்ந்தது, மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

ஆனால் எடை? செவல் சுமார் 1,800 கிலோ. மின்சார சார்ஜரோ 2,600 கிலோவுக்கு மேல். ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் மிகச் சிறு பங்கையே ஒரு கிலோ பாட்டரி தாங்க வல்லது. மின் மோட்டார் அதை வீணாக்காமல் பயன்படுத்துவதால் ஓரளவு ஈடாகிறது. விலையைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. ஜி.டி.ஓ.வின் 3,000 டாலர் 2024ஆம் ஆண்டின் நாணய மதிப்பில் ஏறத்தாழ 30,000 டாலர். மின்சார சார்ஜரின் 670 குதிரைச் சக்தி வகையை வாங்க 70,000 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. மூடியைத் திறந்தாலும் கைவைப்பதற்கு அங்கே அதிகமில்லை. உயர் அழுத்த மின்சாரம், கையை வைக்காதே என்ற எச்சரிக்கைதான் உண்டு. பழைய வண்டியின் உயிர் வேகத்தில் இல்லை, எளியவன் தன் கையால் ஆளக்கூடிய வலிமையில் இருந்தது என்பது நம் கருத்து. வேகத்தைப் புதிய வண்டி பன்மடங்காக்கிவிட்டது. எளியவனை வழியில் இறக்கிவிட்டது. ஒலிபெருக்கியால் ஈடு செய்ய முயல்வது இந்தக் குறையைத்தான்.

ஓசைக்கு வேறொரு நியாயமும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. தில்லியின் சந்துகளில் பின்னால் சந்தடியின்றி வந்து நிற்கும் மின்சார ரிக்ஷாவைக் கண்டு திடுக்கிட்ட நேயர்கள் இதை அறிவார்கள். மெதுவாகச் செல்லும் மின்சார வண்டிகள் நடப்போர் காதில் விழும்படி ஒலியெழுப்ப வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கமே விதித்திருக்கிறது. ஆயினும் 126 டெசிபல் நடப்போருக்காக அன்று. வாங்குவோரை அம்முழக்கம் முழுதும் கவரவில்லை போலும். 2025இல் டாட்ஜ் கம்பெனி அதே சார்ஜரில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய வகையை அறிமுகம் செய்தது.

வண்டிகளை ஒப்பிடும்போது அவற்றைச் செய்தவர்களை மறந்துவிடுகிறோம். டிட்ராய்ட் நகரால் சூழப்பட்ட ஹாம்ட்ராமிக் என்னும் சிற்றூரில் டாட்ஜ் சகோதரர்கள் 1910இல் தொழிற்சாலை அமைத்தனர். பிழைப்பைத் தேடிப் போலந்துக்காரர் திரளாக வந்தனர். பத்தே ஆண்டுகளில் ஊரின் மக்கள்தொகை 3,500லிருந்து 48,000 ஆயிற்று. சொந்த ஊரை விட்டு வந்து வேற்று மொழி வழங்கும் இடத்தில் கோயிலும் கடையும் சங்கமும் கண்ட நம்மவர்க்கு அவர்கள் வாழ்க்கை விளங்காததன்று. 1970ஆம் ஆண்டு மாடலான 'சாலஞ்சர்' என்னும் புகழ்பெற்ற மஸில் கார் உருவானது அவர்கள் கையில்தான். 1980இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. மறு ஆண்டில், அந்நிலத்தோடு அடுத்திருந்த 'போல்டவுன்' குடியிருப்பையும் சேர்த்து ஜெனரல் மோட்டார்ஸின் புதிய ஆலைக்கெனக் கையகப்படுத்தினர். எதிர்த்தோர் வழக்காடினர், மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் நகரசபையின் பக்கம் தீர்ப்பளித்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். தங்கள் தேவாலயத்தில் அமர்ந்து மறியல் செய்தவர்களை வெளியேற்றிய பின் அதுவும் இடிக்கப்பட்டது. அத்தீர்ப்பு தவறென்று அதே நீதிமன்றம் 2004இல் கூறிற்று. அப்போது இடிப்பதற்கு வீடுகள் இல்லை, கட்டித் தருவதற்கும் எவருமில்லை.

அவ்வாலைக்கு 2020இல் 'ஃபாக்டரி ஜீரோ' என்று பெயர் மாற்றி, மின்சார வண்டிகளுக்கென ஒதுக்கினார்கள். 1,000 குதிரைச் சக்தியும் 4,000 கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட மின்சார 'ஹம்மர்' அங்கேதான் உருவாயிற்று. ஆலையின் எல்லைக்குள் யூதர்களின் பழைய இடுகாடு ஒன்று மட்டும் இடிபடாமல் எஞ்சியிருக்கிறது. ஆண்டில் இருமுறை, பண்டிகைகளையொட்டிச் சில மணி நேரம் வாயிற்கதவைத் திறந்து, அங்கே உறங்குவோரின் உறவினரை உள்ளே விடுகிறார்கள்.