அப்பாவிடம் யாரும் கேட்காத 10 கேள்விகள்

1/
குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனா நாம என்ன கேப்போம்? "சுகப்பிரசவமா, சிசேரியனா? எத்தனை கிலோ? அம்மா எப்படி இருக்காங்க?" எல்லாம் சரியான கேள்விகள்தான். கையில் மருந்துச் சீட்டும் ஃப்ளாஸ்க்குமாக ஓரமா நிக்கிற அப்பாகிட்ட மட்டும் ஒரே கேள்வி: "ட்ரீட் எப்போப்பா?"

2/
குழந்தை பிறந்த பிறகு அவருக்கும் மனச்சோர்வு வரலாம். இது அபூர்வமான விஷயம் இல்லை. ஆனா மருத்துவ உலகம் இதை எண்ணிப் பார்க்கவே 100 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏன் அவ்வளவு தாமதம்? அந்த வரலாறுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

3/
1858, பாரிஸ். லூயி விக்டர் மார்சே என்ற மருத்துவர் கர்ப்பிணிகள், புதிதாகப் பிரசவித்தவர்கள், பாலூட்டும் பெண்கள் ஆகியோருக்கு வரும் மனநோய்கள் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். இந்தத் துறைக்கு அடிக்கல் மாதிரியான நூல். கூடவே ஒரு பக்கவிளைவும் வந்தது. இது பெண்ணுடலுக்கு மட்டுமே வரும் நோய் என்ற எண்ணம் ஆழமா வேரூன்றிடுச்சு.

4/
அப்போ ஆண்கள்? 1965-இல் இங்கிலாந்தின் ட்ரெத்தோவன், கான்லன் இருவரும் மனைவி கர்ப்பமா இருக்கும்போது கணவர்களுக்கு வரும் குமட்டல், பசியின்மை, பல்வலி பற்றி எழுதினார்கள். வைத்த பெயர் 'கூவாட் சிண்ட்ரோம்'. படிச்சவங்க பலருக்கு அது ஒரு வேடிக்கைச் செய்தி. அந்தக் கணவரோட மனசு என்ன பாடுபடுதுன்னு யோசிச்சவங்க குறைவு.

5/
1968-இல் லண்டன் மனநல மருத்துவர் பிரைஸ் பிட், பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய 10-இல் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதைக் காட்டினார். 'புத்தி பேதலிக்கும்' அளவு தீவிரமா இல்லாம, வீட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் வாட்டும் சோர்வு அது. அதுவரைக்கும் பலர் இதைப் பெரிசா எடுத்துக்கலை. போய்க் கேட்டதால்தான் தெரிய வந்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

6/
1987-இல் ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூவரும் ஸ்காட்லாந்தில் ஒரு எளிய கேள்வித்தாள் தயாரித்தார்கள். பெயர் எடின்பரோ அளவுகோல். கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். இன்னிக்கும் உலகம் முழுக்க, தமிழ் உட்படப் பல மொழிகளில் பயன்படுது.

7/
அந்த 10 கேள்விகளில் என்ன இருக்கு? சிரிக்க முடியுதா, தேவையில்லாம உங்களையே குறை சொல்லிக்கிறீங்களா, காரணமில்லாம பயமா இருக்கா, தூக்கம் கெடுதா, அழுகை வருதா, உங்களையே காயப்படுத்திக்கத் தோணுதா... கர்ப்பப்பை, தையல், தாய்ப்பால் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. எல்லாமே ஒரு அப்பாகிட்டயும் கேட்கக்கூடிய கேள்விகள்தான்.

8/
கேட்டும் பார்த்தாங்க. 1994-இல் பிரிட்டனில் வெளியான பல்லார்டு குழுவின் ஆய்வில் 200 தம்பதிகளிடம் இதே தாளைக் கொடுத்தார்கள். குழந்தை பிறந்த 6-வது வாரத்தில் அப்பாக்களில் 9% பேர் மனச்சோர்வுக்கான வரம்பைத் தொட்டிருந்தார்கள். மனைவிக்குச் சோர்வு இருந்த வீடுகளில் கணவருக்கும் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

9/
2001-இல் ஆஸ்திரேலியாவின் ஸ்டீபன் மாத்தே குழு இன்னொண்ணு கண்டுபிடிச்சது. அதே தாளில் ஆண்களுக்கான வரம்பைப் பெண்களை விட 2 மதிப்பெண் குறைச்சு வைக்கணும். ஏன்? ஆண்கள் தங்கள் உணர்வை, குறிப்பா அழுகையை, அவ்வளவாக ஒத்துக்கிறதில்லை. "ஆம்பளப் புள்ள அழக் கூடாது"ன்னு வளர்த்ததோட விலை, கேள்வித்தாள் வரைக்கும் வந்து நிக்குது.

10/
"சரி டாக்டர், அவர் சமாளிச்சுக்குவார், இதுல என்ன ஆகிடப் போகுது?" இதுக்குப் பதில் 2005-இல் லான்செட் இதழில் வந்தது. பால் ராம்சந்தானி குழு, இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 8,000-க்கும் மேற்பட்ட அப்பாக்களின் மனநிலையைக் குழந்தை பிறந்த 8-வது வாரத்தில் அளந்த தரவை எடுத்து, அந்தக் குழந்தைகள் மூன்றரை வயதில் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தது.

11/
அப்பாவுக்குச் சோர்வு இருந்த குழந்தைகளிடம் உணர்வு, நடத்தைச் சிக்கல்கள் அதிகம், குறிப்பா ஆண் குழந்தைகளிடம் நடத்தைச் சிக்கல். அம்மாவின் சோர்வைக் கணக்கில் எடுத்துக் கழிச்ச பிறகும் இந்தத் தொடர்பு மறையலை. பயப்படாதீங்க, இது தலையெழுத்து இல்லை. ஆனா அப்பாவோட மனசு குழந்தைக்கும் முக்கியம்னு எண்ணிக்கையோட நிரூபணமாச்சு.

12/
2010-இல் பால்சன், பேஸ்மோர் இருவரும் 43 ஆய்வுகளை, 28,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை ஒன்று சேர்த்தார்கள். விடை: மனைவி கர்ப்பமான காலம் முதல் குழந்தையின் ஒரு வயது வரை அப்பாக்களில் 10.4% பேருக்கு மனச்சோர்வு. 1968-இல் பெண்களிடம் பிட் கண்ட எண்ணும் கிட்டத்தட்ட இதுவேதான்! அதிகம் தெரிந்தது 3 முதல் 6 மாதத்துக்குள். பார்க்க வந்த சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிப் போன பிறகு.

13/
"ஆம்பளைக்கு ஏது ஹார்மோன் மாற்றம்?" 2011-இல் பிலிப்பைன்ஸின் செபூ பகுதியில் 624 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானது. அப்பாவான ஆண்களின் டெஸ்டோஸ்டீரோன் நல்லாவே குறைஞ்சிருந்தது. குழந்தையை அதிக நேரம் பார்த்துக்கிட்டவங்களுக்கு இன்னும் குறைவு. இது நோய் இல்லை, இதுதான் சோர்வுக்குக் காரணம்னும் அர்த்தமில்லை. ஆண் உடலும் மாறுது, அவ்வளவுதான் விஷயம்.

14/
பிரசவமே இல்லாதவங்களுக்கும் இது உண்டு. 1995-இல் அமெரிக்காவில் ஜூன் பாண்ட், தத்தெடுத்த பெற்றோருக்கு வரும் சோர்வுக்கு ஒரு பெயர் வைத்தார். இரு பெண்கள் இணைந்து வாழும் வீட்டில் குழந்தையைச் சுமக்காத அம்மாவுக்கும் வரலாம். தூக்கமின்மை, பணக்கவலை, தலைகீழா மாறிப்போன வாழ்க்கை, முன்பு வந்த மனச்சோர்வு... இதெல்லாம் வர கர்ப்பப்பை தேவையில்லையே.

15/
ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இது அம்மாக்களோட வலியைக் குறைச்சுப் பேசறது இல்லை. சோர்வும் அவங்களுக்குத்தான் அதிகம் வருது, உடல் வலியும் அவங்களுக்குத்தான். ஆனா அந்த அம்மாவைத் தாங்க வேண்டிய ஆளே சரிஞ்சு கிடந்தா, நஷ்டம் முதலில் அவங்களுக்குத்தானே?

16/
2018-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவை, மகப்பேறு காலத்து மனநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களின் துணைவரையும் பரிசோதிக்கப் போவதாக அறிவித்தது. மார்சே நூலில் இருந்து கணக்கு போட்டா 160 வருஷம்.

17/
நாம 160 வருஷம் காத்திருக்க வேண்டாம். ஆண்களிடம் இது அழுகையா வராம எரிச்சல், கோபம், குடி, வீட்டுக்கு வராம ஆபீஸ்லயே கிடக்கறது, குழந்தையைத் தூக்கவே தயங்கறதுன்னு வரலாம். 2 வாரத்துக்கு மேல நீடிச்சா டாக்டரைப் பாருங்க. அரசின் டெலி மனஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். சாகணும்ங்கிற எண்ணம் வந்தா 2 வாரம் எல்லாம் பார்க்காதீங்க, உடனே கூப்பிடுங்க. இது குணமாகக்கூடிய நோய்.

18/
அடுத்த முறை குழந்தை பார்க்கப் போகும்போது ட்ரீட் கேளுங்க, தப்பில்லை. அதுக்கு முன்னாடி அவரைக் கொஞ்சம் தனியா கூப்பிட்டு, "நீ எப்படிப்பா இருக்க? தூங்கறியா?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு, அவர் பதில் சொல்ற வரைக்கும் நில்லுங்க.