நாலாம் வகுப்போடு நின்ற மிட்டாய்க்காரர்



நேற்று பேத்தி ஒரு ஹெர்ஷீஸ் சாக்லேட்டைக் காட்டி, "இது யாரு பேரு தாத்தா?" என்று கேட்டாள். ஊர்ப் பெயரா, ஆள் பெயரா என்பது அவள் சந்தேகம். இரண்டும்தான் என்றேன்.

மில்டன் ஹெர்ஷி 1857இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா எந்தத் தொழிலிலும் நிலைக்கவில்லை. குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்ததில் பையனின் படிப்பு நாலாம் வகுப்பு அளவோடு நின்றது. அச்சுக்கூடத்தில் சேர்த்தார்கள்; தொப்பியை இயந்திரத்துக்குள் விழவிட்டு வேலையைத் தொலைத்தான். பிறகு அம்மா லங்காஸ்டர் நகரில் ஒரு மிட்டாய்க்காரரிடம் தொழில் பழக விட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பல வருஷம் நாலாம் வகுப்பு எடுத்தவன். "இவன் இதோடு சரி" என்று சில பிள்ளைகளைப் பற்றி வாய்விட்டுச் சொன்னதுண்டு. இதைப் படிக்கிற உங்களில் ஓரிருவரும் அதில் அடக்கம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

1876இல் பிலடெல்பியாவில் ஹெர்ஷி சொந்தக் கடை போட்டார். ஆறு வருஷத்தில் மூடினார். டென்வர் நகரில் கூலிக்கு வேலை பார்த்தபோதுதான், புதுப் பால் ஊற்றிக் காய்ச்சினால் கேரமல் மிட்டாய் மென்மையாகவும் நாள்பட கெடாமலும் இருப்பதைக் கற்றார். அந்தப் பக்குவத்தோடு நியூயார்க் போனார், அங்கேயும் நஷ்டம். 1886இல் முப்பதை நெருங்கும் வயதில் வெறுங்கையோடு லங்காஸ்டர் திரும்பியபோது, முன்பு பணம் போட்ட சொந்தக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். நம் ஊரிலும் இதுதானே நடக்கும்! பழைய வேலையாள் ஒருவர் கைகொடுத்தார். அதே பால் கேரமல் இங்கிலாந்து வரை போய் அவரைத் தூக்கிவிட்டது.

1893இல் சிகாகோ கண்காட்சியில் ஜெர்மன் சாக்லேட் இயந்திரத்தைப் பார்த்தார், வாங்கினார். 1900இல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேரமல் கம்பெனியையே 10 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு முழுமூச்சாகச் சாக்லேட்டில் இறங்கினார். பால் பண்ணைகள் நிறைந்த சொந்த ஊர்ப்பக்கமே ஆலை கட்டினார். அதைச் சுற்றி எழுந்த ஊர்தான் ஹெர்ஷி.

அவருக்கும் மனைவி கேதரினுக்கும் பிள்ளை இல்லை. 1909இல் ஆதரவற்ற சிறுவர்களுக்காக இருவரும் உறைவிடப் பள்ளி தொடங்கினார்கள். 1915இல் கேதரின் மறைந்தார். 1918இல் ஹெர்ஷி தம் சொத்தில் பெரும்பகுதியை, சுமார் 6 கோடி டாலரை, அந்தப் பள்ளியின் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். வெளியுலகுக்கு அது 1923இல்தான் தெரிந்தது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளி வெள்ளைக்காரப் பையன்களுக்கு மட்டும்தான். அவர் 1945இல் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகே மற்ற இனத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. பெண் பிள்ளைகளுக்கு 1970களில். 1937இல் தொழிலாளர்கள் ஆலைக்குள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தபோது, பால் விற்காத விவசாயிகளும் கம்பெனி பக்கத்து ஆட்களும் புகுந்து அடித்து விரட்டினார்கள். ஹெர்ஷிக்கு அப்போது 79 வயது.

இன்று அங்கே 2,000 பிள்ளைகளுக்கு மேல் இலவசமாகத் தங்கிப் படிக்கிறார்கள். பேத்தியிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் சாக்லேட் காலி. "அந்த ஸ்கூல்ல தினமும் சாக்லேட் குடுப்பாங்களா?" என்கிறாள்.